நீதிமன்றச் சமரச மையம்: காகிதத்தோடு போனால் கைகொடுக்கும்

சிவில் வழக்கில் சிக்கியவருக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் சேவைகளில் நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்பது, இரு தரப்பையும் பேசவைத்துத் தீர்வு காண உதவும், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தைத்தான். 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய தமிழ்நாடு சமரச மையம் இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் இயங்குகின்றன.

மதிப்பெண் போடச் சொன்னால், செலவுக்கும் ரகசியத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. வேகத்துக்கு நான்கு. ஒப்பந்தம் எழுதித் தரும் தரத்துக்கு மூன்று, ஏனென்றால் அது சமரசருக்குச் சமரசர் மாறுகிறது. ஆவணம் விஷயத்தில் மதிப்பெண்ணே போட முடியாது. சமரசரிடம் அந்த அதிகாரமே கிடையாது. கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள் என்று அவர் கேட்கலாம், உத்தரவிட முடியாது. உத்தரவிடும் அதிகாரம் வழக்கை வைத்திருக்கும் நீதிமன்றத்திடம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் கட்டளையில் (Order எனப்படும் விதித் தொகுப்பில்) இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் கடைகளிலிருந்து மாதம் என்ன வாடகை வருகிறது என்றே தெரியாமல், தங்கை தன் பங்கை ரூ.8 லட்சத்துக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டுவிட்டால், அந்த ராஜியை (சமரச ஒப்பந்தத்தை) பிறகு உடைப்பது மிகக் கடினம். அதனால் இந்த மதிப்பீட்டில் கணிசமான பகுதி, மையத்தின் படியேறும் முன் நீதிமன்றத்தில் செய்து முடிக்க வேண்டியதைப் பற்றியது.

முதலில் ஆவணம்

பலரும் பயன்படுத்தாமல் விடும் மலிவான வழி 11-ஆம் கட்டளையின் 15-ஆம் விதி. எதிர்த்தரப்பு தன் பிராதிலோ (வழக்கு மனுவிலோ), எதிர்வழக்குரையிலோ (பிரதிவாதியின் பதிலிலோ), பிரமாணப் பத்திரத்திலோ ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்டிருந்தால், அதைக் காட்டும்படி வக்கீல் மூலம் ஓர் அறிவிப்பு கொடுத்தால் போதும். மனு வேண்டாம், நீதிமன்ற உத்தரவும் வேண்டாம். அறிவிப்பு கைக்கு வந்த 10 நாளுக்குள் அவர் பதில் அறிவிப்புத் தர வேண்டும்; அது தரப்பட்டதிலிருந்து 3 நாளுக்குள் அமையும் ஒரு நேரத்தை அதில் குறிப்பிட வேண்டும். பார்வையிடும் இடம் அவருடைய வக்கீலின் அலுவலகம். வியாபாரத்தில் தினமும் புழங்கும் கணக்கேடு என்றால் அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். காட்ட மறுத்தவர், தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தாமல் அந்த ஆவணத்தைப் பின்னால் தன் சாட்சியத்தில் சான்றாகக் குறியீடு செய்ய முடியாது. ஒரு பதிவுத் தபால் செலவில் இவ்வளவு பலன் கிடைக்கிறது.

எதிர்த்தரப்பு குறிப்பிடவே இல்லாத ஆவணங்கள் இருக்கின்றன என்று சந்தேகித்தால், 12-ஆம் விதியின் கீழ் மனு போட வேண்டும். இதன்படி நீதிமன்றம், உங்களிடம் உள்ள ஆவணங்களைச் சத்தியப்பிரமாணத்தோடு பட்டியலிடுங்கள் என்று உத்தரவிடுகிறது. இந்த மனுவுக்குப் பிரமாணப் பத்திரம் தேவையில்லை என்று விதியே சொல்கிறது. ஆனாலும் காரணங்களை விளக்கி ஒன்றை இணைப்பதே நல்லது. காரணம் தெரியாத மனு, தூண்டில் போட்டுப் பார்க்கும் முயற்சி என்று தள்ளப்படும்.

தள்ளுபடியாகும் மனுக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறைதான்: ‘வழக்கு தொடர்பான அனைத்து ஆவணங்களையும் தாக்கல் செய்யுமாறு’ என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் நான்கு விவரம் வேண்டும். அது என்ன ஆவணம், எந்தக் காலத்தையது, அது எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம், எந்தப் பிரச்சினையை முடிவு செய்ய அது உதவும். ‘2016 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை, அட்டவணை சொத்திலுள்ள மூன்று கடைகளின் வாடகை ஒப்பந்தங்கள், வாடகை ரசீது அடிக்கட்டைகள், வாடகை வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் விவர அறிக்கை; எதிர்வழக்குரையின் 7-ஆம் பத்தியில் தாமே வாடகை வசூலிப்பதாக 1-ஆம் பிரதிவாதி ஒப்புக்கொண்டுள்ளார்’ என்று எழுதினால் நீதிபதியால் ஐந்து நிமிடத்தில் உத்தரவு போட முடியும். கேட்கும் ஆவணம் சாட்சியமாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வழக்கின் மீது வெளிச்சம் பாய்ச்சினால் போதும் என்பதை எம்.எல். சேத்தி எதிர் ஆர்.பி. கபூர் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

உத்தரவுக்குப் பிறகு வரும் பிரமாணப் பத்திரம் சட்டத்தின் ‘சி’ பின்னிணைப்பில் உள்ள 5-ஆம் படிவத்தில் இருக்க வேண்டும். அதைப் படிக்கும் விதம் ஒன்று உண்டு. முதல் அட்டவணையின் முதல் பகுதி, கையில் இருப்பவையும் காட்ட ஆட்சேபம் இல்லாதவையும். இரண்டாம் பகுதி, கையில் இருந்தும் காட்ட மறுப்பவை. மறுப்புக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இரண்டாவது அட்டவணைதான் தங்கச் சுரங்கம்: முன்பு இருந்து இப்போது கையில் இல்லாதவை, கடைசியாக எப்போது இருந்தன, இப்போது யாரிடம் உள்ளன என்பதை அங்கே எழுத வேண்டும். ‘அசல் கிரயப் பத்திரம் வங்கியில் அடமானமாக உள்ளது’ என்ற ஒரு வரி, பேச்சுவார்த்தையின் கணக்கையே மாற்றிவிடும். ‘இல்லை’ என்று மட்டும் எழுதி ஒரு பக்கத்தில் முடித்த பத்திரத்தை ஏற்றுக்கொண்டு வாய்தா வாங்கிப் போவது பெரிய தவறு. படிவப்படி இல்லை என்று எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துத் திருத்திய பத்திரம் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் 14-ஆம் விதியின் கீழ்த் தாக்கல் செய்யக் கோருவதும், 18-ஆம் விதியின் கீழ்ப் பார்வையிடக் கோருவதும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடந்த கடிதம் என்று ரகசியச் சலுகை கோரினால், அந்தக் கோரிக்கை சரியா என்று பார்க்க நீதிபதியே ஆவணத்தை வாங்கிப் படிக்கலாம். 19-ஆம் விதி அதற்கு இடம் தருகிறது.

உத்தரவை மீறினால் 21-ஆம் விதி. வாதி மீறினால் வழக்கு தள்ளுபடி, அதே காரணத்தில் புது வழக்கும் போட முடியாது. பிரதிவாதி மீறினால் அவருடைய எதிர்வாதம் நீக்கம். கடுமையான தண்டனை என்பதால் நீதிமன்றங்கள் எளிதில் கொடுப்பதில்லை. வேண்டுமென்றே பிடிவாதமாக மீறியது தெரிய வேண்டும் என்று பப்பர் தையல் இயந்திர நிறுவன வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே முதல் தவறுக்கே 21-ஐக் கேட்காமல், கால நீட்டிப்பு உத்தரவுகளை இரண்டு முறை பதிவில் ஏற்றிவிட்டுக் கேட்பது பலன் தரும். எதிர்வாதம் நீங்காவிட்டாலும், மறைத்த ஆவணம் அவருக்கு எதிராகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க வழி கிடைக்கும்.

வழக்கில் தரப்பாக இல்லாதவரிடம் 11-ஆம் கட்டளை செல்லாது. வங்கி, கூட்டுறவுச் சங்கம், பக்கத்து நிலக்காரர் போன்றோரிடமுள்ள ஆவணத்துக்கு 16-ஆம் கட்டளையின் அழைப்பாணை வேண்டும். வங்கி ஏடுகளுக்கு 1891-ஆம் ஆண்டு வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் தனி வழி உண்டு. வில்லங்கச் சான்று, பத்திர நகல், பட்டா, சிட்டா, அடங்கல் இவற்றுக்கு மனு போட்டு மாதங்களை வீணாக்க வேண்டாம். பதிவுத்துறையிலும் வருவாய்த்துறையிலும் நீங்களே நகல் எடுக்க முடிகிறவற்றை எதிராளியிடம் கேட்டால், மொத்த மனுவின் மீதும் நீதிபதிக்கு நம்பிக்கை குறையும்.

வாட்ஸ்அப் செய்திகளுக்கும் கணினிக் கணக்குகளுக்கும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் இரண்டு பகுதி. முதலாவதைக் கருவியை வைத்திருந்தவரும், இரண்டாவதை நிபுணரும் ஒப்பமிட வேண்டும், ஹாஷ் மதிப்பும் (கோப்பின் டிஜிட்டல் கைரேகை போன்ற குறியீடு) குறிக்க வேண்டும். பேசித் தீர்க்கத்தானே போகிறோம் என்று இதை விட்டுவிடக் கூடாது. பேச்சு முறிந்தால் கைபேசி அதுவரை உயிரோடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

எப்போது அனுப்பச் சொல்வது

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின் கீழ் வழக்கை மையத்துக்கு அனுப்ப ஏற்ற நேரம், இரு தரப்பு வழக்குரைகளும் முடிந்த பின், எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனையப்படும் முன். ஆஃப்கான்ஸ் எதிர் செரியன் வர்க்கி (2010) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த வரிசை நன்கு யோசித்த ஒன்று. குடும்ப வழக்குகளில் மட்டும் அதற்கும் முன்பே, எதிர்வுரைகளில் வசவு ஏறும் முன்னரே அனுப்ப வேண்டும் என்கிறது அதே தீர்ப்பு. மையத்துக்கு அனுப்ப இரு தரப்பின் சம்மதமும் தேவையில்லை. நடுவர் தீர்ப்புக்கு அனுப்புவதற்குச் சம்மதம் தேவை.

ஆவண மனு நிலுவையில் இருக்கும்போதே அனுப்பும் உத்தரவு வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது, பிரமாணப் பத்திரம் தாக்கலான பின் மையத்தில் ஆஜராகும் தேதி வரட்டும் என்று கேளுங்கள். இரண்டு வாரத் தள்ளிவைப்பை எந்த நீதிபதியும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆவணம் வராமல் மையத்தில் உட்கார்ந்தால், எதிராளி சொல்லும் தொகையை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

மையத்துக்குள்

முதல் அமர்வில் சமரசர் விதிகளை விளக்குவார். பிறகு கூட்டாகவும் தனித்தனியாகவும் பேசுவார். தனி அமர்வில் நீங்கள் ரகசியமாகச் சொல்லும் கடைசித் தொகையை உங்கள் அனுமதியின்றி எதிர்த்தரப்பிடம் சொல்ல மாட்டார். பேச்சு முறிந்தால் நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையில் ‘முடிவு எட்டப்படவில்லை’ என்பது மட்டும்தான் இருக்க வேண்டும். யார் என்ன சொன்னார் என்பது இருக்கக் கூடாது. மோத்தி ராம் எதிர் அசோக் குமார் (2010) தீர்ப்பு இதைக் கட்டாயமாக்கியது. மையத்தின் மிகப் பெரிய பலம் இதுவே என்று கருதுகிறோம். ஒரு நுணுக்கம்: அங்கே பேசியது ரகசியம், ஆனால் ஏற்கெனவே இருந்த வாடகை ரசீது அங்கே காட்டப்பட்டதாலேயே ரகசியமாகிவிடாது. அதை நீதிமன்றத்தில் தாராளமாகக் கேட்கலாம்.

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் நேரில் வர வேண்டும். பவர் ஏஜென்ட் வந்தால், அவருடைய பத்திரத்தில் ராஜி செய்துகொள்ளும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். நிறுவனம் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல் தேவை. இவை இல்லாமல் ஐந்து அமர்வு முடிந்து, கையெழுத்து நாளில் திரும்பிப் போகிறவர்கள் அதிகம்.

ஒப்பந்தம்: எங்கள் மூன்று மதிப்பெண்ணுக்குக் காரணம்

மையங்களில் எழுதப்படும் ஒப்பந்தங்கள் நல்லெண்ணத்தோடு எழுதப்படுகின்றன, ஆனால் தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் நிறைவேற்று நீதிமன்றத்தை மனதில் வைத்து எழுதப்படுவது குறைவு. ‘இரு தரப்பும் சுமுகமாக நடந்துகொள்வார்கள்’ என்பதை அமீனா எப்படி நிறைவேற்றுவார்? ‘பிரதிவாதி ஆறு மாதத்தில் ரூ.12 லட்சம் தருவார், தவறினால் வாதி சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம்’ என்று எழுதினால், புது வழக்கு போடு என்று எதிராளி வாதிடக் கதவைத் திறந்துவைத்ததாகும்.

சரியாக எழுதினால் இப்படி இருக்கும்: பிரதிவாதி ரூ.20 லட்சம் தர வேண்டியவர் என்று ஒப்புக்கொள்கிறார், மாதம் ரூ.2 லட்சம் வீதம் 6 தவணை, ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள், வாதியின் இன்ன வங்கிக் கணக்கில் செலுத்தினால் ரூ.12 லட்சத்தோடு முழுத் தீர்வு என வாதி சலுகை தருகிறார். ஏதேனும் ஒரு தவணை 15 நாளுக்கு மேல் தவறினால் சலுகை நீங்கும், கட்டியது போக ரூ.20 லட்சத்தில் மீதியை ஆண்டுக்கு 9% வட்டியுடன் இத்தீர்ப்பாணையின் கீழேயே வாதி வசூலித்துக்கொள்ளலாம். இதையே தலைகீழாக, ‘ரூ.12 லட்சம் தர வேண்டும், தவறினால் ரூ.20 லட்சம்’ என்று எழுதினால் கூடுதல் எட்டு லட்சம் அபராதம் என்ற வாதம் கிளம்பும். உள்ள கடனில் தந்த சலுகை நீங்குவதையும், இல்லாத தொகையை அபராதமாகச் சேர்ப்பதையும் நீதிமன்றங்கள் வேறுவேறாகப் பார்க்கின்றன.

சொத்து என்றால் சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு, கட்டடத்தின் கதவிலக்கம் எல்லாம் அட்டவணையில் வர வேண்டும். வரைபடம் ஒட்டி இரு தரப்பும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. சுவாதீனம் ஒப்படைக்கும் தேதி, தவறினால் நீதிமன்றம் மூலம் எடுத்துக்கொள்ளும் உரிமை, மின் இணைப்பும் சொத்து வரியும் யார் பெயரில், நிலுவையை யார் கட்டுவது, அசல் பத்திரங்களை யார் எந்தத் தேதியில் கொடுப்பது என்பவற்றை வரி வரியாக எழுதுங்கள். கிரயப் பத்திரம் எழுதிக்கொடுக்க ஒருவர் ஒப்புக்கொண்டால், அவர் தவறும்போது நீதிமன்றமே எழுதிக்கொடுக்கலாம் என்றும் சேர்க்க வேண்டும். 21-ஆம் கட்டளை 34-ஆம் விதி அதற்கு வழிசெய்கிறது. அடமானம் வைத்திருக்கும் வங்கி தரப்பாக இல்லாவிட்டால் இந்த ராஜி வங்கியைக் கட்டுப்படுத்தாது.

நாங்கள் கட்டாயம் என்று சொல்லும் ஒரு ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் இல்லை. ஒவ்வொரு தரப்பும் தன்னிடமுள்ள சொத்து, கணக்கு விவரங்கள் அனைத்தையும் காட்டிவிட்டதாக உறுதி சொல்ல வேண்டும். காட்டிய ஆவணங்களின் பட்டியல் இணைப்பாக வர வேண்டும். பட்டியலில் இல்லாத சொத்தோ வரவோ பின்னால் தெரியவந்தால் அது இந்த ராஜிக்குள் அடங்காது, இன்ன விகிதத்தில் பிரிக்கப்படும் என்று எழுத வேண்டும். இந்த ஷரத்து இல்லாமல் மறைப்பு வெளிப்பட்டால் மோசடியை நிரூபித்தாக வேண்டும், அதுவும் குறுகிய பாதையில். ராஜி சட்டப்படியானதல்ல என்று தனி வழக்குப் போட 23-ஆம் கட்டளையின் 3-ஏ விதி தடை. சம்மதத் தீர்ப்பாணை மீது மேல்முறையீட்டுக்கு 96-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு தடை. எஞ்சுவது, ராஜியைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்தில் மனு. புஷ்பா தேவி பகத் (2006) தீர்ப்பு இதை விளக்கமாகச் சொல்கிறது.

மைனர் பங்குதாரர் இருந்தால் காப்பாளர் கையெழுத்து மட்டும் போதாது. மைனரின் நலனுக்கு உகந்தது என்று தனி மனு போட்டு, 32-ஆம் கட்டளை 7-ஆம் விதியில் நீதிமன்ற அனுமதி முதலில் வாங்க வேண்டும். வாங்காத ராஜியை, மைனரின் சார்பில் மற்ற எல்லாருக்கும் எதிராக ரத்து செய்ய முடியும்; மைனருக்கு எதிராக முடியாது. ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாக்கப்பட்ட பிரதிவாதிக்கும் பங்கு இருக்குமானால், அவரை மையத்துக்கு அழைத்து வராமல் முடிப்பது வீண் வேலை.

மையத்தில் கையெழுத்தான தாள் அந்த நிலையில் தீர்ப்பாணை ஆகாது. அது வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், 23-ஆம் கட்டளை 3-ஆம் விதியில் பதிவாகித் தீர்ப்பாணை எழுதப்பட வேண்டும். ஒப்பந்தம் முழுவதும் தீர்ப்பாணையின் பகுதியாக இணைக்கப்பட்டதா என்று நகல் வந்ததும் பாருங்கள். ‘வழக்கு சமரசமானதால் முடிக்கப்படுகிறது’ என்று ஒற்றை வரியில் முடிந்திருந்தால், நிறைவேற்று மனுவில் தகராறு வரும். உடனே திருத்தக் கேளுங்கள்.

கட்டணமும் மற்ற வழிகளும்

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 7.5 சதவீதமாக இருந்தது, 2017-இல் 3 சதவீதமானது. ரூ.20 லட்ச வழக்குக்கு ரூ.60,000. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ், வழக்கு சமரசமானால் அதைத் திரும்பப் பெறலாம். மையத்துக்கே போகாமல் தரப்பினர் தாமே வெளியில் பேசி முடித்தாலும் இந்த உரிமை உண்டு என்று எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணத்தைத் திருப்பித் தரும் உத்தரவு தீர்ப்பாணையிலேயே வரும்படி ராஜி மனுவில் கோருங்கள். தனி மனுவுக்கு விட்டால் இன்னும் சில வாய்தா.

ரூ.3 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள வணிகத் தகராறு என்றால் அவசர இடைக்காலப் பரிகாரம் தேவைப்படாத நிலையில், வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்குப் போவது கட்டாயம். பாட்டீல் ஆட்டோமேஷன் (2022) தீர்ப்புக்குப் பின், போகாமல் போட்ட பிராது நிராகரிக்கப்படும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ரூ.1,000 கட்டி மனு கொடுக்க வேண்டும். 3 மாத அவகாசம், சம்மதித்தால் இன்னும் 2 மாதம். இது இலவசமில்லை: ரூ.3 லட்சம் முதல் 10 லட்சம் வரை உள்ள கோரிக்கைக்கு மொத்தம் ரூ.15,000, இரு தரப்பும் பாதிப் பாதி. இங்கே பெரிய குறை, வழக்கே இல்லாததால் ஆவண உத்தரவு வாங்கவும் வழியில்லை. ஈடாக, வணிக வழக்கு பதிவானதும் 11-ஆம் கட்டளை கடுமையான வடிவில் பொருந்துகிறது: தனக்கு எதிரானவை உட்பட எல்லா ஆவணங்களையும் பிராதோடும் எதிர்வழக்குரையோடும் தாக்கல் செய்ய வேண்டும், எதிர்வழக்குரை வந்த 30 நாளுக்குள் பார்வையிட வேண்டும், அது முடிந்த 15 நாளுக்குள் எதிர்த்தரப்பு ஆவணங்களை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்ற அறிக்கை. எதிராளி மறைப்பார் என்று தெரிந்தால், வழக்குக்கு முந்தைய அமர்வில் அவசரப்பட்டு முடிக்காமல் இந்தக் கட்டம் வரை காத்திருக்கலாம்.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்), தொகை மட்டும் பேச வேண்டிய வழக்குகளுக்கு நல்லது. அதன் தீர்வு அப்போதே தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஒரே நாளில் பல வழக்குகள் எடுக்கப்படும் இடம் என்பதால் பாகப்பிரிவினைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கையில் தீர்ப்பாணை வந்த பிறகு

சான்றிட்ட நகலுக்கு அன்றே மனு போடுங்கள். வழக்குச் சொத்து மட்டும் அடங்கிய ராஜித் தீர்ப்பாணைக்குப் பதிவு கட்டாயமில்லை. வழக்கில் இல்லாத இன்னொரு மனையும் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால் பதிவு கட்டாயம். தீர்ப்பாணை தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் கொண்டுபோனால் தாமதம் பற்றிய பேச்சே எழாது. கட்டாயமில்லாத இடத்திலும் பதிவு செய்வதே நல்லது, அப்போதுதான் வில்லங்கச் சான்றில் ஏறும். பாகப்பிரிவினை இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுத வேண்டும். தாளை வாங்கித் தாக்கல் செய்யாமல் விட்டால் நிறைவேற்று மனு நிற்கும்.

நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் சுவரை இடிக்க வேண்டும், வழியைத் திறந்துவிட வேண்டும் என்பன போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கு 3 ஆண்டுதான். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டும் கலந்திருந்தால் குறைந்த காலத்தையே நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். தவணை கட்டுபவர் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு நம்பிக்கையில் இருக்கக் கூடாது. நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தை 21-ஆம் கட்டளை 2-ஆம் விதியில் பதிவு செய்யாவிட்டால் நிறைவேற்று நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. பெற்றவர் பதிவு செய்யாவிட்டால், கொடுத்தவர் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தாமே மனு போட வேண்டும்.